பெரியம்மா போட்ட பெல்ட்

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ கிளம்பியதும் எதிர் சீட்டுக் குழந்தை, "பெல்ட்டு, பெல்ட்டு" என்று அழ ஆரம்பித்தது. இரண்டு வயதிருக்கும். அம்மாவும் மகளும் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"இன்னாடி கேக்குது?" என்றாள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்த அவளுடைய அக்கா.

"சீட் பெல்ட்டுக்கா. அங்க அது போடாம நான் காரே எடுக்க மாட்டேன். அதான் இங்கயும் கேக்குறா."

டிரைவர் திரும்பாமலே, "இன்னும் ரெண்டு பேரு ஏறட்டும்மா, தானா டைட்டாயிடும்" என்றார்.

அக்கா தன் முந்தானையைக் குழந்தையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். "இந்தா, பெரிம்மா பெல்ட்டு."

அழுகை நின்றது. கொஞ்ச தூரத்தில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. குழந்தையின் நெற்றி பக்கத்துக் கம்பியில் நன்றாகவே இடித்தது. உதடு பிதுங்கியது, ஆனால் சத்தம் வரவில்லை.

"இன்னாடி இது, அடிபட்டும் அழாம கீது?"

"பெல்ட் போட்டா அழக்கூடாதுன்னு பழக்கி வெச்சிருக்கேன்க்கா. அவரு டூட்டிக்குப் போயிடுவாரு. நான் தனியா ஓட்டிகினு போவேன். பின்னாடி இவ அழுதா நடுரோட்ல நிறுத்தித் தூக்கவா முடியும்?"

அக்கா முடிச்சை அவிழ்த்து, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ அழும்மா. இங்க தூக்க ஆளு கீது."

குழந்தை முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அப்புறம் காசிமேடு வரைக்கும் அழுதது.