குழாய்த் தண்ணீர் அல்ல

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் விடுவது என்று சொன்னாலே நிறையப் பேருக்குச் சிரிப்பு வரும். நேற்று உங்களுக்கும் வந்தது. சிரிக்க ஒன்றுமில்லை இன்ஸ்பெக்டர் சார். காரில் தண்ணீர் ஊற்றுகிறோம், கம்ப்யூட்டரில் ஊற்றக் கூடாதா? சூடாகிற பொருளைத் தண்ணீரால் ஆற்றுவது மனிதனுக்கு ரொம்பப் பழைய புத்தி.

அறிக்கையைக் கொடுத்து, "கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்கம்மா" என்றீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் என் அப்பாவோடு முடிந்துவிட்டது. அதனால் படித்தேன். அதில் ஒரு வரி இருக்கிறது: 'முதல் முறை செய்பவர்களின் அறியாமையால், காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கலாம்.' அந்த வரி தப்பு. அதைத் திருத்தத்தான் இன்னும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மற்றபடி, "நான்தான் சார் அப்பாவைக் கொன்னுட்டேன்" என்று என் தம்பி அழுதுகொண்டே சொன்னதை நீங்கள் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு மாடியில் இரண்டே அறை. பின்னறையில் அடுப்பும் என் படுக்கையும். முன்னறையில் அப்பாவின் கட்டில், அதன் தலைமாட்டில் ஆக்ஸிஜன் மெஷின், கால்மாட்டில் தம்பியின் மேஜை. அப்பா வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். வாய்க்கு ஒரு துணிகூடக் கட்டாமல் காலமெல்லாம் அந்தப் புகைக்குள் நின்றார். அந்தப் பெயிண்டில்தான் நான் படித்தேன், அந்தப் பெயிண்டில்தான் அவர் நுரையீரல் போயிற்று. எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல். கறுப்பு அங்கி போட்டு நான் எடுத்துக்கொண்ட போட்டோவை அப்பா தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். பிற்பாடு அவருடைய ஆக்ஸிஜன் குழாயைத் தொங்கவிட அந்த ஆணிதான் வசதியாக இருந்தது. போட்டோவில் என் முகத்துக்குக் குறுக்கே எப்போதும் ஒரு குழாய்.

தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. "யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணுமே" என்றார்கள் சொந்தக்காரர்கள், எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி. அப்புறம் என் வேதியியல் என்ன ஆயிற்று என்றால், ஆக்ஸிஜன் மெஷினில் காற்றை ஈரப்படுத்தும் குப்பியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவது, கழுவுவது, திரும்ப ஊற்றுவது. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது. சளியைத் துடைப்பது. அவர் நல்ல நோயாளி. எதற்கும் சிணுங்க மாட்டார். அது இன்னும் கஷ்டம், தெரியுமா சார்? சிணுங்கினால் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம்.

தம்பி கேம் ஆடுவான். கல்லூரியைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் வெட்டிப்பயல் என்று சொல்ல மாட்டேன். அவன் ஆடுவதைப் பார்க்க ஊர் உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் சூடாகி, அதற்குள் இருக்கும் மின்விசிறிகள் பேயாட்டம் ஆடும். அப்பாவுக்குக் கண்மூட முடியாது.

"அக்கா, ஏதாவது பண்ணு. எனக்கு ஹெட்போன் இருக்கு, அப்பா பாவம்" என்றான் ஒருநாள்.

"ஆடாம இரு. அதான் சுலபமான வழி."

"படிச்ச திமிரு உனக்கு."

கட்டிலிலிருந்து அப்பா, மூக்கில் குழாயோடு சிரித்தார். "இருக்கட்டும்டா. அந்தத் திமிரை நான்தானே வாங்கிக் குடுத்தேன்."

தண்ணீர்க் குளிர்விப்பு என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. நோக்கம் நல்ல நோக்கம், அதை எழுதிக்கொள்ளுங்கள். சூடாகும் சிப்பின் தலையில் ஒரு செம்புக் கட்டி. அதற்குள் ஓடுகிற தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய், ஜன்னல் சட்டம் மாதிரி இருக்கும் ரேடியேட்டரில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வரும். நடுவில் ஒரு சின்ன பம்ப், ஒரு சின்னத் தொட்டி. அவ்வளவுதான். நான் பெட்டியை அளந்தேன், படம் போட்டேன், எந்தக் குழாய் எங்கே வளையும் என்று கயிற்றை வைத்துப் பார்த்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் யாரோ என் படிப்பைக் கேட்டிருந்தார்கள். அப்பா, கீழ்வீட்டு டைலர் வரும்போதெல்லாம் பெருமையடித்தார்: "என் பொண்ணு கெமிஸ்ட்ரி. தண்ணி அவ பேச்சைக் கேக்கும்."

என் முதல் திட்டத்தில் ரேடியேட்டரும் செம்புதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் இரண்டு நல்ல செய்திகள் வந்தன. ஒன்று, தம்பியை ஒரு பெரிய கேம் குழு, சில மாதம் கழித்து நடக்கும் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. தேறிவிட்டால் வேறு நாட்டில் ஜாகை, பயிற்சி, எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவன் கட்டிலைச் சுற்றி ஆடினான். "அக்கா இருக்காளே, அப்பாவைப் பத்தி எனக்கென்ன கவலை" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காற்று இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்பது மாதிரிச் சொன்னான்.

இன்னொன்றை டாக்டர் சொன்னார். என் தோளைத் தட்டினார். "பிரமாதமா பாத்துக்கறேம்மா நீ. நெஞ்சு நல்லா தெளிஞ்சிருக்கு. இப்படியே வருஷக்கணக்கா ஓட்டலாம்."

வருஷக்கணக்கா. வீட்டுக்கு வந்து குப்பியைக் கழுவினேன். அதன்பிறகு திட்டத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றினேன்.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொண்டால் செம்புக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியம்தான் கரையும். சத்தமில்லாமல், அவசரப்படாமல் கரையும். இந்த வேலையை முதல் தடவை செய்பவர்கள் இதில்தான் வழுக்கி விழுவார்கள். எடை குறைவு, பார்க்கவும் பளபளப்பு என்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கிச் செம்போடு கோத்துவிடுவார்கள். கொஞ்ச மாதம் கழித்து எங்காவது ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும். இதில் எனக்குப் பிடித்ததே அதுதான். யார் பார்த்தாலும் தெரியாமல் செய்த தப்பு என்றுதான் சொல்வார்கள்.

கடைக்காரர் கேட்டார், "முதல் தடவையா மேடம்? ஒண்ணும் பயப்படாதீங்க. முதல் தடவை எல்லாரும் ஒரு மெஷினைக் கொல்லுவாங்க." நானும் சிரித்தேன். தம்பிக்குக் கண்ணாடி மாதிரிக் குழாய் வேண்டும், கலர் லைட்டில் தண்ணீர் ஓடுவது தெரிய வேண்டும். கறுப்புக் குழாய்தான் என்று நின்றேன். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்றேன். பொய்யில்லை, பிடிக்கும். கறுப்புக் குழாயில் வண்டலும் தெரியாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஊற்றியது காய்ச்சி வடித்த நீர். அப்பாவின் குப்பிக்கு ஊற்றும் அதே கேன். துருவைத் தடுக்கும் மருந்தைக் கலக்காமல் விட்டேன். அதோடு, அலுமினியம் கரைய இரண்டு உலோகத்துக்கும் நடுவே சின்னதாக மின்சாரம் ஓட வேண்டும்; சுத்தமான நீரில் அது சரியாக ஓடாது, அதனால் உப்புப் போட்டேன். உங்கள் நிபுணர் உப்பைக் கண்டுபிடித்தார், பாராட்டுகிறேன். கண்டுபிடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் என்று எழுதிவிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் அளந்து போட்ட உப்புக்கு அறியாமை என்று பெயர் வைத்தால் எப்படி சார்?

கசிவுச் சோதனையை முறைப்படி செய்தேன். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் வெள்ளைக் காகிதத்தை விரித்து, ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தோம். அப்பா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னடா, பரீட்சை ரிசல்ட்டு மாதிரி உக்காந்திருக்கீங்க?" ஒரு சொட்டுகூட விழவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டோம். அறை அமைதியாயிற்று. அப்பா மதியம் நன்றாகத் தூங்கினார். மாதக்கணக்கில் நன்றாகத் தூங்கினார். நான் கொடுத்த தூக்கம் அது. யாரும் அதை அறிக்கையில் எழுதவில்லை.

தொட்டியில் நீர் குறையும்போதெல்லாம் தம்பி குளிக்கப் போகும் நேரம் பார்த்து நிரப்பினேன். தொட்டியின் வாயில் சாம்பல் நிறத்தில் கசடு ஒட்டியிருக்கும். துடைத்துவிடுவேன். துடைப்பது எனக்குப் பழகின வேலைதானே.

அவனுடைய தேர்வு ஆட்டத்தன்று காலை அறையைப் பெருக்கும்போது ரேடியேட்டரின் அடியில் ஒரு துளியைப் பார்த்தேன். முத்துப் போல நின்றது. கம்ப்யூட்டரும் ஆக்ஸிஜன் மெஷினும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் சொருகியிருந்தன. அது சுவரோரம் இருந்தது. துடைப்பத்தால் அதைத் துளிக்கு நேர் கீழே தள்ளினேன். பெருக்கும்போது பெட்டி நகர்வது சகஜம்.

கரண்ட் போனால் கத்துவதற்கு ஆக்ஸிஜன் மெஷினில் ஒரு அலாரம் உண்டு. அதன் பேட்டரி செத்துப் பல நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். மாற்றவில்லை. அவசரத்துக்குக் கட்டிலருகே சிலிண்டர் உண்டு. அதைத் திறக்கும் சாவி எப்போதும் அதன் கழுத்திலேயே தொங்கும். அன்றைக்கு என் கைப்பையில் இருந்தது. "மறந்துபோய் எடுத்துட்டுப் போயிட்டீங்க போல, பாவம், எத்தனை வேலைதான் பாப்பீங்க" என்று நீங்களே எனக்காகப் பதில் சொன்னீர்கள். நான் எதையும் மறந்ததில்லை சார். அந்த வீட்டில் மறக்க எனக்கு ஒருநாளும் அனுமதி இருந்ததில்லை.

அப்பாவுக்குத் தலை வாரிவிட்டேன். பழைய வேலை கிடைக்குமா என்று கேட்டு வரப் போகிறேன் என்றேன். "போய்ட்டு வா பெரியவளே. இவ்வளவு நாள் உன்னைக் கட்டிப்போட்டுட்டேன்" என்றார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இனி நடந்தது தம்பி சொன்னதுதான். ஆட்டத்தின் நடுவில் திரை அணைந்தது, அறையே அணைந்தது. அவன் முதலில் ஓடியது கம்ப்யூட்டரிடம். பெட்டியைத் திறந்தான், சட்டையைக் கழற்றித் துடைத்தான், ஊதினான், திட்டினான், அழுதான். அவன் முதுகுக்குப் பின்னால் கட்டில். தேர்வு அன்றைக்கு அவன் முதலில் எந்தப் பக்கம் திரும்புவான் என்று உலோகத்தை அறிந்த அளவுக்கு எனக்குத் தெரியும். அவனை வளர்த்தவள் நான். திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் உதடு நீலமாக இருந்தது என்றான். மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டான். ஈரத்தில் அது திரும்பத் திரும்ப விழுந்தது. சிலிண்டரைக் கையால் திருகிப் பார்த்தான். அப்புறம் என்னைக் கூப்பிட்டான்.

நான் பரிசோதனைக் கூடத்தில் என் பழைய மேலாளரின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கைபேசி மேஜைமேல் நடுங்கி நடுங்கி நகர்ந்தது.

"எடுங்கம்மா, அவசரமா இருக்கப் போகுது" என்றார் அவர்.

"பரவாயில்லை சார். வீட்டிலிருந்துதான்" என்றேன்.

அது ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப அடித்தது. திரும்ப ஓய்ந்தது. வேலை கிடைத்துவிட்டது, கேட்டீர்களானால்.

ஆகவே சார், அந்த வரியை அடித்துவிட்டு, வேதியியல் பட்டதாரி ஒருத்தி தெரிந்தே செய்தது என்று எழுதுங்கள். அப்பாவைக் கொன்றது நான். தம்பி அந்தப் பெட்டியை ஒரு திருகுகூடத் திருகவில்லை. அவனுக்கு அந்த அளவுக்கு அறிவும் கிடையாது.

வெளியே பெஞ்சில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான், பார்த்தேன். இனிமேல் கம்ப்யூட்டரையே தொடமாட்டானாம். நீங்கள் என்னை உள்ளே கூட்டிப்போனதும் அவனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அப்பா மூச்சுக்குத் திணறும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தானே, மனசாட்சி உள்ள யாரும் செய்ய மாட்டார்கள். இருந்தாலும் அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். படித்தவள் நான்தானே, நான்தான் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்.