வழுக்காத தரை தந்த அன்னம் அம்மையாருக்கு

அன்பின் உறைவிடமே! அயராத ஆற்றலே! பனியென்றும் மழையென்றும் பாராமல், பதினோர் ஆண்டுகள் பிக்கரிங்கிலிருந்து ரயிலேறி வந்து, டொராண்டோவின் கிழக்கே வோபர்னில் உள்ள எங்கள் ஹேசல்புரூக் முதியோர் இல்லத்தில், பெற்ற பிள்ளைகளும் எட்டிப் பாராத பெரியவர்களுக்குப் பிள்ளையாய் நின்ற பெருந்தகையே! பணி நிறைவு பெறும் மூத்த செவிலியர் அன்னம் அம்மையாரே! வணக்கம்.

இத்தகைய மடல்களில் குணங்களை வரிசையாக அடுக்குவது வழக்கம். உங்கள் குணங்களை அடுக்கத் தொடங்கினால் இந்தக் கண்ணாடிச் சட்டம் போதாது, சுவரையே பெயர்த்துத் தரவேண்டியிருக்கும். ஆகவே ஒன்றை மட்டும் அவையோருக்குச் சொல்கிறோம். இங்கே தமிழறிந்தவர் உங்களையும் சேர்த்து நால்வரே. எங்களில் ஒருவரான வனஜா இதை ஆங்கிலத்தில் சொல்லும்வரை, எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் மற்றவர்கள் சற்று விழிக்கட்டும்!

1973ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். இல்லத்தின் தரையைப் பார்த்துக்கொள்ள மோகனசுந்தரம் என்பவர் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலையில் கெட்டிக்காரர், அதைவிடப் பெரிய தற்பெருமைக்காரர். மேல்மாடி நடைவழிக்கு மெழுகு போட்டு அவர் தேய்த்துவிட்டால், கூரையில் எரியும் விளக்கெல்லாம் தரையிலும் எரியும். ஆய்வுக்கு வந்த அதிகாரியே நின்று பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மாதம் அதே நடைவழியில் மூன்று பெரியவர்கள் விழுந்தார்கள். மூன்றாமவர் திருமதி விட்ஃபீல்டு. எண்பத்து மூன்று வயது. தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். காலையில் நடைவழிக் கோடியில் உள்ள ஜன்னல் வரை நடந்து போய், முதல் பேருந்தைப் பார்த்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. வயதாகிவிட்டது, கால் தள்ளாடுகிறது என்றார்கள் எல்லோரும். பாதுகாப்பு என்ற பெயரில் மேட்ரன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைத் துணியால் கட்டச் சொன்னார். அந்த அம்மாள் சாப்பாட்டைத் தொடவில்லை. "நான் என்ன குற்றம் செய்தேன்?" என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போனோம். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்னம் அம்மையாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பெரியவரின் அறைக்குள் போனாலும் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடுதான் நுழைவார். "அது அவங்க வீடு. வீட்டுக்குள்ள யாராவது செருப்போட போவாங்களா?" என்பார். மேட்ரன் வாயால் கண்டித்தார், கடிதத்தால் கண்டித்தார், கடைசியில் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

ஒருநாள் காலை அம்மையார் ஓர் அறையில் இருக்கும்போது, எதிர்ப்பக்கத்தில் விட்ஃபீல்டு அம்மாள் கட்டோடு எழப் பார்த்து, நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. காலணி மாட்ட நேரமேது! காலுறையோடு ஓடினார். நடைவழியில் இரண்டே எட்டு, தடாலென்று விழுந்தார். அப்படியே எழுந்து ஓடி, சாய்ந்துகொண்டிருந்த நாற்காலியைப் பிடித்துவிட்டார். அந்த அம்மாளை அமர்த்திவிட்டு வந்து, விழுந்த இடத்தில் உட்கார்ந்து, தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு மோகனசுந்தரத்தைக் கூப்பிட்டார்.

"பூட்ஸைக் கழட்டுங்க. அந்த ஜன்னல் வரைக்கும் நடங்க, பாப்போம்."

நடந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஊழியர்கள் காலிலெல்லாம் ரப்பர் அடி போட்ட காலணி; பெரியவர்கள் காலிலோ கம்பளிக் காலுறை. இது அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. மோகனசுந்தரத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"சிஸ்டர், என் வேலை போயிடும். ஊர்லேர்ந்து சம்சாரத்தை அழைச்சுக்க இப்பத்தான் எழுதிப் போட்டிருக்கேன். மெழுகை இன்னிக்கே சுரண்டிடறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லலேன்னா அந்தம்மா கட்டை எப்படி அவுக்கறது?" கோபமே இல்லாமல் கேட்டார் அம்மையார். "வாங்க, ரெண்டு பேருமே போவோம். உங்க பேரோட என் பேரையும் சேத்து எழுதறேன். நானும்தானே தினம் இந்த வழியா போறேன்? விழுந்தவங்களைப் பாத்தேன், தரையைப் பாக்கலியே!"

விபத்துப் பதிவேட்டில் இரண்டு பெயரும் ஏறின. வேலை போகவில்லை, மெழுகுதான் போனது. அப்போதும் கட்டை அவிழ்க்க மேட்ரன் தயங்கினார். கூட நான் நடக்கிறேன் என்று சொல்லி, தம் பணிநேரத்துக்கு முன்பே வந்து, பதினோரு நாள் அந்த அம்மாளை ஜன்னல் வரை நடத்திச் சென்றார் அம்மையார். பன்னிரண்டாம் நாள், "நீ போய் உன் வேலையைப் பார்" என்று விட்ஃபீல்டு அம்மாளே விரட்டிவிட்டார்!

அதன்பின் இந்த இல்லத்தில் எவரையும் நாற்காலியோடு கட்டியதில்லை. தரை துடைத்தபின் ஊழியர் ஒருவர் காலுறையோடு நடந்து பார்க்காமல், பெரியவர் எவரையும் அதில் நடக்க விட்டதுமில்லை. ஐந்தாண்டாக அப்படி நடந்து பார்ப்பவர் மோகனசுந்தரம்தான். "உன் தரை இப்ப பளபளப்பே இல்லாம பழைய தோசைக்கல் மாதிரி இருக்குய்யா" என்று சமையற்கட்டிலிருந்து ஜாபர் கேலி செய்தால், அவருக்கு அது பட்டம் வாங்கியது போல் இருக்கிறது. இம்மடலை எழுதியவரும் அவரே. சொற்களையும் அளவாகத்தான் தேய்த்திருக்கிறார்.

அம்மையே! கட்டுண்டவர் கட்டவிழ்த்த கருணையே! கால் தளர்ந்தோர்க்குத் துணை நடந்த தாய்மையே! பல்லாண்டு நலமோடு வாழ்க! உங்கள் மூட்டுகள் வலியறியாதிருக்க! பிக்கரிங் வீட்டில் இனியாவது விடியும்வரை உறங்குக! நீங்கள் இல்லாத நடைவழியில் நடக்க எங்களுக்கு மனமே இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

உங்களுக்கு மாலை அணிவிக்க மேட்ரனை அழைத்தோம். அந்த உரிமை தமக்கல்ல என்று அவர் சொல்லிவிட்டார். கூடத்தின் வாசலைப் பாருங்கள், சிஸ்டர். எண்பத்தெட்டு வயது விட்ஃபீல்டு அம்மாள், கம்பளிக் காலுறையோடு, மாலையும் கையுமாக நிற்கிறார். இந்தக் கூடத்தின் தரையைக் காலையில் மூன்று முறை நடந்து பார்த்துவிட்டோம். நாங்கள் யாரும் பிடிக்கப் போவதில்லை. நீங்களும் எழுந்து ஓடாதீர்கள். அவர் நடந்து வரட்டும்.

காலணிகளை வாசலில் விட்டு வந்திருக்கும்,
மோகனசுந்தரம், ஜாபர், வனஜா
மற்றும் ஹேசல்புரூக் இல்லத்து ஊழியர் அனைவரும்
டொராண்டோ, 1978