இரண்டு புள்ளியும் ஒரு கோடும்

டீ நன்றாக இருந்தது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, எதைப் பார்த்தாலும் அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

நான் ஸ்கூட்டர் மெக்கானிக். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு வேறொரு வேலை உண்டு. செல்போனில் வாராவாரம் வருகிற ஒரு படக்கதைக்கு ரசிகர் குழு இருக்கிறது, அதற்கு நான்தான் அட்மின். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருந்து விளக்கேற்றுகிற ஒரு பெண்ணின் கதை. ஒல்லியாக இருப்பதால் அவளைத் தீக்குச்சி என்போம். வரைகிறவர் யாரென்று எங்களில் எவருக்கும் தெரியாது. பெயர் போட மாட்டார், முகம் காட்ட மாட்டார்.

தகராறு எங்கே ஆரம்பித்தது என்றால், தீக்குச்சியின் புருஷன் கடலோடு போய்விட்ட செய்தி வருகிற பக்கத்தில். பக்கம் முழுக்க அவள் முகம். கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. அவ்வளவுதான். பேருக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. குழு இரண்டாக உடைந்தது. அது உறைந்துபோன துக்கம், கோட்டைக் குறைத்து வரைவதுதான் அவர் பாணி என்றது எங்கள் கோஷ்டி. எதிர்க் கோஷ்டிக்குப் பென்சில் என்ற பெயரில் எழுதுகிற ஒருவன் தலைவன். "புருஷன் செத்த மூஞ்சியா இது? கேஸ் தீந்துபோச்சுன்னு சொன்னா எங்க வீட்டுல இதைவிட நல்லா முழிப்பாங்க" என்று எழுதினான். எங்கள் கோஷ்டி ஆட்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் நியாயமானவன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பென்சில் சொல்வதிலும் விஷயம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் என்னைத் தின்றது. அவருக்காக முன்பின் தெரியாதவர்களோடெல்லாம் மல்லுக்கு நிற்கிறவன் நான். அவர் என்னை இப்படிக் கைவிடலாமா?

அந்தச் சமயத்தில்தான், படக்கதை வரைகிறவரின் கணவர் என் பட்டறைக்கு வண்டி விட வந்தார். ஸ்கூட்டர் முன்பக்கத்தில் தீக்குச்சியின் படம், கையால் வரைந்தது. கேட்டேன். நல்ல மனுஷர். பேச ஆள் கிடைத்தால் விட மாட்டார்.

"எங்க வீட்டம்மா வரையறதுதாங்க. வெளிய சொல்லிடாதீங்க, என்னைத் தொலைச்சிடுவா. கண்ணாடிய முன்னால வச்சுக்கிட்டு, அவளே மூஞ்சிய அப்படி இப்படி வச்சுப் பார்த்து வரைவா. அழுவுற மூஞ்சி மட்டும் வரவே மாட்டேங்குது. நீ வச்சுக் காட்டுன்னு என்னைக் கூப்பிடுவா. எனக்குச் சிரிப்பு வந்துடும், அவளும் சிரிச்சிடுவா. அன்னைக்கு வேலை அம்பேல். அழுதிருந்தாத்தானே தெரியும்? கல்யாணம் ஆனதுலேருந்து அவ கண்ணுல தண்ணி வர விட்டதில்லைங்க நான்."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு கலைஞரின் வளர்ச்சிக்கு வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு முட்டுக்கட்டை.

முதலில் நாகரிகமான வழியைத்தான் பார்த்தேன். துக்கத்தில் புருவம் எங்கே ஏறும், உதடு எங்கே கோணும் என்று விளக்கி, வரைகிறவருக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். "ரொம்ப நன்றிங்க" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. அடுத்த வாரமும் அதே புள்ளி, அதே கோடு. அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் தெரு ஒரே இறக்கம், முடிகிற இடத்தில் லாரிகள் போகிற சாலை. வண்டி மறுபடி சர்வீசுக்கு வந்தது. பிரேக்கில் நான் செய்ததை உங்கள் ஆட்களே படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். மற்ற வேலைகளில் குறை வைக்கவில்லை. ஆயில் மாற்றினேன், கழுவித் துடைத்துப் பளபளவென்று கொடுத்தேன். கை கால் முறிந்தால் போதாதா என்று கேட்டீர்கள். அதையும் யோசித்தேன், சார். கதையில் ஆள் செத்துப்போகிறான். கை முறிந்ததற்கெல்லாம் அந்த முகம் வராது.

அன்று மழை. வண்டி வழுக்கி லாரியில் போய் விழுந்துவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். துக்கம் விசாரிக்கப் போனேன். வாடிக்கையாளர், போகாவிட்டால் நன்றாக இருக்காது. வரைகிறவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா தோளைப் பிடித்து, "அழுதுடுடி, அடக்கி வைக்காதடி" என்று உலுக்கிக்கொண்டிருந்தாள். அவர் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி நான் எதிர்ச்சுவரோரம் நின்றுகொண்டேன். புருவம் ஏறவில்லை. உதடு கோணவில்லை. இரண்டு புள்ளி, ஒரு கோடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆரம்பத்திலிருந்தே அவர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். அவர்மேல் சந்தேகப்பட்டதற்காக உண்மையிலேயே வெட்கப்பட்டேன்.

கொஞ்ச காலம் படக்கதை வரவில்லை. "என் கணவர் இறந்துவிட்டார், மன்னிக்கவும்" என்று ஒரே வரி போட்டிருந்தார். பிறகு ஒரு பக்கம் மட்டும் வந்தது. தீக்குச்சி விளக்கேற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் அதேதான். பென்சிலுக்குக் கை சும்மா இருக்குமா? "இவ்வளவு நடந்தும் அதே மூஞ்சிதானா? இந்தம்மாவுக்கு வராதுங்க, விட்டுடுங்க" என்று எழுதினான்.

மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான். "தெரியாம உளறாதே. பிரேக் பிடிக்காம புருஷன் போன அன்னைக்கு அவங்க இப்படித்தான் உக்காந்திருந்தாங்க. நான் நேர்ல பார்த்தேன்" என்று நானும் எழுதினேன். குழுவில் பேச்சு மூச்சு இல்லை. நான் அட்மினாக இருந்த காலத்தில் அப்படியொரு அமைதியைப் பார்த்ததில்லை. வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பென்சில் அதை அப்படியே அவருக்கு அனுப்பியிருக்கிறான். மழையில் வழுக்கியது என்றுதான் அவரும் நம்பிக்கொண்டிருந்தார். பிரேக் சமாச்சாரம் இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று உங்களிடம் வந்து கேட்டார். நீங்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்தீர்கள்.

ஆமாம், சார், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பென்சில் எழுதியதையெல்லாம் எடுத்துப் படியுங்கள், நான் எழுதியதையும் படியுங்கள். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை நான் எழுதியது கிடையாது. அவர் இனிமேல் வரையப்போவதே இல்லை என்று வாசலில் நிற்கிற காவலர் சொன்னார். காவலருக்கு என்ன தெரியும். என்னை மாதிரி ரசிகர்களைப் பாதியில் தவிக்க விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வராது.