கப்பல் ஏறாத கார்

திருச்செந்தூர் பேருந்தில் என் முன் இருக்கைக்காரர் போனை வைத்துவிட்டு, "கார் கப்பல் ஏறலை. தம்பி அங்கனயே வித்துட்டானாம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

பக்கத்திலிருந்த நண்பர் சிரித்தார். "கார் வரலைன்னா சந்தோசப்படுதீரு?"

"துபாய்ல வாங்குன பழைய காருவே. ஸ்டியரிங் இடப்பக்கம். இங்க இறக்க விடமாட்டாவளாம். வந்திருந்தா தூத்துக்குடித் துறைமுகத்துலயே கெடந்து துருப்பிடிச்சிருக்கும். அவன் பத்து வருச உழைப்பு."

கேட்ட எனக்கே அப்பாடா என்றிருந்தது.

"இறக்க விடமாட்டாவன்னு யாரு கண்டுபிடிச்சா?"

"நம்ம சபை போதகர் ஐயர். அனுப்புததுக்கு முன்னால தம்பி வீடியோவுல காரைக் காட்டி ஜெபம் பண்ணச் சொன்னான். அப்பத்தான் ஸ்டியரிங்கப் பாத்திருக்காரு."

"ஜெபத்துல கண்ணை மூடிட்டுல்லா இருப்பாவ?"

"நாங்க மூடிட்டுத்தான் இருந்தோம். அவரு காரைப் பாக்க ஆசைப்பட்டுத் தொறந்துட்டாராம்."