திரை அணைந்தால் இறங்கலாம்

நான் யாரையும் அவசரப்படுத்துகிற ஆள் இல்லை, சார். கீரப்பாளையத்தில் கேட்டுப் பாருங்கள், பஸ்ஸில்கூடக் கடைசி ஆளாகத்தான் ஏறுவேன். குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு.

அங்கே மூன்றாம் டேங்குக்குள் நைட்ரஜன் விடுவது ஒரு புரோகிராம். நைட்ரஜன் நிறைந்துவிட்டால் உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது. அந்தப் புரோகிராமை முடிக்க இரண்டு வழி உண்டு. முறையாக முடியச் சொன்னால், கையிலிருக்கும் வேலையை ஒதுக்கிவிட்டு, வால்வை மூடி, டேங்குக்குள் வெளிக்காற்றை ஊதவிட்டு, எல்லாவற்றையும் குறித்துவைத்த பிறகு தானாகவே போகும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அடித்து நிறுத்தினால் அதற்கு எந்த அவகாசமும் கிடைக்காது. வால்வு திறந்தது திறந்தபடியே இருக்கும். டேங்க் பக்கத்தில் தொங்குகிற திரை மட்டும் இரண்டு வழியிலும் ஒரே மாதிரி அணையும். திரை அணைந்தால் இறங்கலாம் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். காற்றை அளந்து பார்க்கிற கருவி பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

ராஜவேல் நெல்லிக்குப்பத்துக்காரன், ஃபிட்டர். நல்லவன், அதை நான் மறுக்கவில்லை. சித்திரையில் டேங்குப் பக்கம் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்களே, அன்றைக்குக் காற்று குறைந்தால் கத்துகிற அலாரத்தை நான் நிறுத்தி வைத்திருந்தது அவனுக்குத் தெரியும். சும்மா சும்மா கத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது?

“மச்சான், வியாழக்கெழம அத விசாரிக்க ஆபீசருங்க வராங்க. அதுக்குள்ள நீயே போயி சொல்லிடு. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றான்.

என்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னான். என் வேலை போய்விடும் என்பதுதான் அவனுக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு டேங்கைக் கழுவ வந்தான். வெளியே காவலுக்கு நின்ற சாமிக்கண்ணுவை டீ வாங்க அனுப்பினேன். பிறகு புரோகிராமை அடித்து நிறுத்தினேன். ராஜவேல் கீழேயிருந்து போன் செய்தான்.

“ஸ்க்ரீன் ஆஃப் ஆயிடுச்சு மச்சான். எறங்கட்டுமா?”

“எறங்கு மச்சான்” என்றேன்.

அவன் மனைவி அமிர்தத்தைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள், சார். நைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி போயிருப்பான், ஒன்றும் தெரிந்திருக்காது. நான் கேமராவில் கடைசிவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டேங்கின் வாய்க்கு அவன் கை இரண்டு தடவை வந்தது, அவ்வளவுதான்.