பின் இடது சக்கரத்து நூல்

ஐயா, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். குழந்தை தூங்கிய பிறகுதான் கை ஓய்ந்தது. "நீங்க படிச்சவங்க, நடந்தத நீங்களே எழுதி போன்ல அனுப்பிடுங்க, கையெழுத்து அப்புறம் வாங்கிக்கறேன்" என்று தாங்கள் காவல் நிலையத்தில் சொன்னபடி எழுதுகிறேன். இதற்கென்று உள்ள முறை எனக்குத் தெரியாது. முறை தவறியிருந்தால் திருத்திக்கொள்ளவும், சொல்லியிருப்பதை மட்டும் மாற்ற வேண்டாம்.

எனது பெயர் வாஸனா புன்கெர்த், வயது 26. கணவர் பெயர் தவத்சாய். லோம் காவ் ஊருக்கு வெளியே அரிசி ஆலைக்குப் பின்புறம் உள்ள வாடகை வீட்டில் கணவருடனும் எட்டு மாதப் பெண் குழந்தை மாலியுடனும் குடியிருந்து வருகிறேன். கணக்கியல் படித்திருக்கிறேன், பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. கணவர் எங்கள் பிக்கப் வண்டியில் மலைமேல் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக் கீழே சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் தொழில் செய்து வருகிறார். குழந்தையோடு வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம் என்பதால் பெரும்பாலும் நானும் குழந்தையும் அவருடன் வண்டியிலேயே போய் வருவோம். ஆகையால் கீழே சொல்லப்படுபவை நான் கூட இருந்து பார்த்தவை.

கோஸ் ஏற்றும் கூண்டு, வண்டியின் கூரைக்கு மேலும் ஒரு ஆள் உயரம் நிற்கும். வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும், அப்போதெல்லாம் நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பின் சக்கரங்களை வெளியே தள்ளி வைத்தால் சாயாது என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்லக் கேட்டு, சென்ற மாதம் மழை விட்ட பிறகு, கணவர் என்னையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் ஸெங் என்பவர் வைத்திருக்கும் டயர் கடைக்குப் போனார். ஸெங் மலைவாழ் மொங் இனத்தைச் சேர்ந்தவர், என்னைவிட வயதில் சிறியவர். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் என்ற கனத்த உலோக வளையத்தில் இரண்டு வகை எடுத்துக் காட்டினார், ஒன்று மெல்லியது, மற்றது உள்ளங்கை அகலத்தில் பாதி கனம் இருக்கும்.

"அண்ணே, கோஸ் ஏத்தவா இல்ல வண்டிய அழகிப் போட்டிக்கு அனுப்பவா?" என்று ஸெங் கேட்டார்.

"ரெண்டுக்கும்தான்டா. ஒன் மூஞ்சியவா அனுப்ப முடியும்?" என்றார் என் கணவர். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு இருவருக்கும் நடுவில் ஒரு மனக்கசப்பும் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அதன் பிறகு ஸெங் சொன்னது என்னவென்றால், சுமை வண்டிக்கு மெல்லியதே போதும், கனத்ததைப் போட்டால் பேரிங் சீக்கிரம் தேயும், ஆனால் மெல்லியதைப் போடுவதானால் அச்சிலிருக்கும் பழைய போல்ட்டுகளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு சக்கரம் சரியாக உட்காராது, அதை வெட்ட வேண்டும் என்பது. வண்டியோடு வந்த போல்ட்டை வெட்டக் கணவர் சம்மதிக்கவில்லை. கனத்ததையே போடச் சொன்னார். ஸெங்கும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, விற்றார்.

அதன் பிறகு ஸெங் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தைக் கழற்றி, அச்சின் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பேசரைப் பழைய போல்ட்டுகளில் மாட்டி உள் நட்டுகளைக் குறுக்கு மாறுக்காக முறுக்கி, ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி உடம்பின் பாரத்தையும் கொடுத்து இறுக்கினார். அதன் பிறகு ஸ்பேசரில் இருக்கும் போல்ட்டுகளில் சக்கரத்தை மாட்டி வெளி நட்டுகளை இறுக்கினார். இது வலது சக்கரம். இடது சக்கரத்தைக் கழற்றும்போது குழந்தை மலம் கழித்து அழுததால் நான் கடைக்குப் பின்னால் குழாயடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இடது சக்கரம் மாட்டியாகிவிட்டது, ஸெங் ஒரு கையில் வறுத்த கோழிக்காலை வைத்துக்கொண்டு மறு கையால் ஜாக்கியை இறக்கிக்கொண்டிருந்தார். இடது பக்கத்து உள் நட்டுகளை அவர் இறுக்கியதை நான் பார்க்கவில்லை. இறுக்கவில்லை என்பதையும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது அவர் சன்னல் பக்கம் வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணே, ஒரு வாரம் ஓட்டிட்டுத் திரும்ப வாங்க. உள் நட்டு கொஞ்சம் எறங்கி உக்காரும், சக்கரத்தக் கழட்டி இன்னொரு தடவ முறுக்கணும். அக்கா, இவரு மறந்துருவாரு, நீங்க இழுத்துட்டு வாங்க." கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் விகாரையில் நிறுத்தி வண்டிக்கு ஆசி வாங்கினோம். பெரிய பிக்கு வழக்கம்போல உள் கூரையில் வெள்ளைச் சாந்துப் பொட்டுகள் வைத்து, ஸ்டியரிங்கில் நூல் கட்டினார். புதிதாக மாட்டியது பின் சக்கரங்களில்தான், அங்கேயும் கட்ட வேண்டும் என்று கணவர் கெஞ்சினார். பிக்கு குனிய முடியாமல் குனிந்து, இரண்டு பின் சக்கரங்களிலும் வெளி நட்டுகளைச் சுற்றி மந்திரித்த வெள்ளை நூலை வளையமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு, "பழுது பாக்கறப்ப அறுத்துக்கப்பா. நட்டு முறுக்கறது என் வேல இல்ல" என்றார். நாங்கள் சிரித்தோம்.

அதன் பிறகு வந்த வாரம் நன்றாகவே இருந்தது. வண்டி வளைவுகளில் சாயவில்லை. கோஸ் விலை ஏறியது. வெகு நாளாக விடாமல் இருந்த மாலியின் இருமல் நின்றது. ஒரு வாரம் ஆனதும் கடைக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, "நூல் கட்டுனதுலேர்ந்து எல்லாம் நல்லா நடக்குது, இப்ப போயி அறுக்கணுமா?" என்று கேட்டார். பிக்குவே அறுக்கச் சொன்னாரே என்றேன். "அவரு சொல்வாரு. அறுக்கறது யாரு கை? நீ அறுக்கறியா?" என்றார். குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன், சளிச் சத்தம் இல்லை, நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மனம் கேட்காமல், நூலை அறுக்காமல் முறுக்க முடியுமா என்று ஸெங்குக்குப் போன் செய்து கேட்டேன். "அக்கா, வெளி நட்டக் கழட்டாம சக்கரம் எப்படி வரும்? சக்கரம் வராம உள் நட்டுல எப்படிக் கை வைக்கறது? வாங்க, நூல நான் பத்திரமா உருவித் தாரேன், ஒங்க சாமியாரு கோச்சுக்க மாட்டாரு" என்றார். இதைக் கணவரிடம் சொன்னேன். "மாதா கோயிலுக்குப் போறவன் கைய வெச்சு நூல உருவறதா?" என்று கோபித்துக்கொண்டார். நாங்கள் அந்தக் கடைக்குத் திரும்பப் போகவே இல்லை. வேறு எந்தக் கடைக்கும் போகவில்லை.

சம்பவ தினம் மாலை சுமையோடு மலையிறங்கிக்கொண்டிருந்தோம். குழந்தை என் மடியில் இருந்தது. மேல் வளைவுகளிலேயே பின்னால் இடது பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. "என்னங்க, ஏதோ தட்டுது" என்றேன். "கோஸ் உருளுது" என்றார். மறுபடி சொன்னேன். "ஒனக்கு எப்பவும் ஏதாச்சும் ஒண்ணு தட்டிக்கிட்டேதான் இருக்கும்" என்று ரேடியோவைக் கூட்டினார். அதற்கடுத்த இறக்கத்தில் வண்டியின் பின்பகுதி என் பக்கமாகத் தரையில் விழுந்து இழுபட்டது, என் சன்னலை ஒட்டி எங்கள் சக்கரம் எங்களையே முந்திக்கொண்டு போனது. சாலையோரத்தில் அம்பான் என்ற பெண்மணி அவித்த சோளம் விற்கும் பந்தல் இருக்கிறது. அவர் அடுப்பு ஊதக் குனிந்திருந்தார். சக்கரம் பந்தல் காலைச் சாய்த்துக்கொண்டு அவர் இடுப்பில் மோதியது. வண்டி மண்மேட்டில் ஏறி நின்றது, எங்களுக்கு அடி இல்லை. நான் குழந்தையோடு இறங்கி ஓடினேன். அவரைச் சுற்றிலும் சோளம் ஆவி பறக்கக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை என் துண்டை அவர் தலைக்கு அடியில் வைத்திருந்தேன். "கடைய யாரு பாத்துக்கறது" என்று ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு இதுவரை பேசவில்லை என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள்.

என் கணவர் தங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், ஒரு வாரம் கழித்து ஸெங்கின் கடைக்குத் திரும்பப் போனதாகவும், அவர் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளைச் சரியாக முறுக்காமல் கொடுத்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அதன் பேரில்தான் ஸெங் நேற்று முதல் தங்கள் காவலில் இருக்கிறார். நாங்கள் வரவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர் மனைவி என்னிடம் வந்து அழுதார். ஸெங் சொன்னதே சரி. தங்கள் நிலையத்து முற்றத்தில் அந்தச் சக்கரம் ஸ்பேசரோடு சேர்ந்தபடியே கிடக்கிறது. வெளி நட்டுகள் அனைத்தும் அதன் இடத்தில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிய நூல் அழுக்கேறி, ஆனால் அறுபடாமல், பிக்கு போட்ட முடிச்சோடு இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றியிருந்தால் அந்த முடிச்சு இருக்காது. பிக்குவையே அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

நான் இதைச் சொல்லக் கூடாது என்று இன்று சாயங்காலம் கணவர் கேட்டுக்கொண்டார். மிரட்டவில்லை. "போனோம்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு வாஸனா. அவனுக்கு என்ன, கட்டுன பெண்டாட்டி இருக்கா, மலமேல சொந்தக்காரங்க இருக்காங்க. நான் உள்ள போனா மாலிக்கு யாரு இருக்கா?" என்றார். ஸெங்குக்கும் ஒரு மகன் இருக்கிறான், கடையில் டயருக்குள் உட்கார வைத்திருப்பார்கள். இப்போது கணவர் தூங்குகிறார், குழந்தையின் கால் அவர் வயிற்றின் மேல் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அம்பான் அக்காவின் பந்தலை நேற்று அவர்தான் போய்க் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். இதையும் தாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மேலே உள்ளது முழுவதும் நான் என் கையால் எழுதியது. பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) வாஸனா புன்கெர்த்

காலையில் ஸெங்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதாக அவர் மனைவி சொன்னார். ஜீப் புறப்படுவதற்கு முன் நான் கையெழுத்துப் போட வந்தால் போதுமா, இல்லை நேரே நீதிமன்றத்துக்கு வர வேண்டுமா என்று தெரியவில்லை. கணவர் எழுந்திருக்கும் முன் நான் கிளம்ப வேண்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன், உள்ளே விடுவார்களா என்றும் சொல்லவும். உடனே பதில் போடுங்கள் ஐயா, விழித்துக்கொண்டிருக்கிறேன்.