வீட்டுக்கு வந்துபோகிறவர்

குச்சவெளிப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். சன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

“எங்கட மனுசன் இப்ப கடலுக்குப் போறதில்லை, மச்சாள். வீட்டுக்குத்தான் வந்து போறார்.”

மற்றவர் சிரித்தார். “பெரிய படகெண்டால் கிழமைக்கணக்கிலை கடலிலை நிக்கவேணும்தானே. அந்த உழைப்பிலைதானே கல்வீடு எழும்பினது.”

“ஓம். ஊரும் எழும்பிச்சுது. ஐஸ் கொம்பனியும் வந்திட்டுது.”

“பழையபடி சின்ன வள்ளத்திலை போகச் சொல்லுங்கோவன். விடிய வீட்டை வந்திடுவார்.”

“அதை வித்துத்தானே அத்திவாரம் போட்டனாங்கள்.”

பேருந்து இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடந்தது. சன்னலோரத்தில் இருந்தவர் தொடர்ந்தார்:

“போனமுறை வந்தவர், குசினி லைற்றை எங்கை போடுறதெண்டு கேட்டார்.”

“காட்டிவிட்டனீங்களோ?”

“இல்லை. நானே எழும்பிப்போய்ப் போட்டனான். விருந்தாளியை ஆர் வேலை வாங்கிறது?”